அம்மன் படகு அணை ஏறிய கதை

போன வருஷம் வரை எங்கள் கோயில் தெப்பத்துக்குப் படகு கிடையாது. நீல பிளாஸ்டிக் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, அதில்தான் அம்மனை ஏற்றுவார்கள். கடைசித் தடவை அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பூசாரி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அம்மனைத் தோளால் தாங்கிக்கொண்டார். அன்றைக்கு எல்லார் முன்னாலும் என் வீட்டுக்காரர், அடுத்த தெப்பத்துக்கு நிஜப் படகு கொண்டு வருவது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். இவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். படகைப் பற்றி இவருக்குத் தெரிந்ததெல்லாம் அது தண்ணீரில் போகும் என்பதுதான்.

கோயில் தலைவர் எங்கள் சம்பந்தி, மகளின் மாமனார். அவர் அன்று, "பாப்போம் சம்பந்தி" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் குடியிருந்தது. இவர் சோற்றில் கை வைக்கும்போதுகூட, "பாப்போமாம்" என்று முனகுவார். பீப்பாய்களையும் கோயிலின் பழைய தலைவர்கள் தங்கள் கத்திரித் தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்கக் கொண்டு போய்விட்டார்கள். படகு வராவிட்டால் அம்மன் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். இவரும் இனிமேல் கோயில் பக்கம் தலை காட்ட முடியாது.

ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், மீன் பிடிக்கும் மலாய்க்காரர் ஒருவர் இவருக்குப் பழக்கம். சாமி காரியம் என்றதும் படகைத் தரச் சம்மதித்தார். லாரியில் ஏற்றி வரலாமே என்று தோன்றும். கோயில் பாதையில் இருக்கும் சின்னப் பாலம் லாரியைத் தாங்காது. இத்தனை வருஷம் லாரி ஓட்டியும் உதவவில்லையே என்று இவருக்கு அதில் தனி வருத்தம்.

ஆற்று வழியே வரலாம் என்றால் கடலுக்கும் கோயிலுக்கும் நடுவில் அணை. கடல் தண்ணீர் தோட்டங்களுக்குள் ஏறாமல் இருக்க, ஆற்றுக்குக் குறுக்கே மண்கரை போட்டு, நடுவில் இரும்புக் கதவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவைப் பார்த்துக்கொள்ளும் மலாய்ப் பெரியவரை எல்லாரும் பாக்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள், மாமா மாதிரி; அவர் இவருக்கு விளக்கிச் சொன்னார். கடல் ஏறும்போது கீழ்ப்பக்கத் தண்ணீரும் ஏறும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும் நேரத்தில் கதவைத் திறந்தால் படகு தானாக உள்ளே போய்விடும். முன்னால் திறந்தால் மேல்தண்ணீர் கொட்டும், பின்னால் திறந்தால் உப்புத்தண்ணீர் புகுந்துவிடும். இதை இவர் எனக்குச் சமையல்கட்டில் இரண்டு கோப்பைகளில் பால் விடாத தே ஓ ஊற்றிக் காட்டினார். மாலை மங்கும் முன்னே மட்டம் சேர்ந்துவிடும், பூசை இருட்டிய பிறகுதான். அவசரமே இல்லை.

தெப்பத்தன்று மத்தியானம் பூசாரி கம்பத்துத் துறைக்கு வந்து, படகில் வைக்கக் கும்பம் தயார் செய்தார். கோயில் போய்ச் சேரும் வரை அதை இறக்கி வைக்கக் கூடாது, ஒரு சுமங்கலி மடியில் வைத்திருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் கும்பம் என் மடிக்கு வந்தது. நாலு பேர் பார்க்க நடக்கவே கூச்சப்படுகிறவள் நான். மறுத்துச் சொல்ல அதைவிடக் கூச்சம். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

படகுக்காரரும் இவரும் துடுப்புப் போட்டு அணை வரைக்கும் கொண்டு வந்தார்கள். காத்திருந்தோம். அப்போதுதான் சம்பந்தி, தேர் இழுக்கும் ஆட்களோடு மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கினார். தேர்வடமும் முட்டுக்கட்டைகளும்கூட வந்திருந்தன.

"என்ன சம்பந்தி, மீன் பிடிக்கிறீங்களா?"

இவர், தண்ணீர் ஏற வேண்டும் என்றார்.

"தேரையே இழுத்த ஆளுங்க இத்தன பேரு இருக்கோம். தண்ணி வந்து தூக்கி விடணுமா? கரை மேல இழுத்து அந்தப் பக்கம் இறக்கிடுவோம்."

பாக்சிக் கதவு மேடையிலிருந்து, "சபார் லா, அண்ணே" என்றார். பொறுமை யாருக்கும் காதில் விழவில்லை. அதற்குள் சூடம் கொளுத்தித் தேங்காயும் உடைத்தாகிவிட்டது.

பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இழுத்தார்கள். கிடந்த தென்னந்துண்டுகளைப் படகுக்கு அடியில் உருளையாகப் போட்டார்கள். முன்னால் வடம், பின்னால் முட்டுக்கட்டை. ஒரு இழுப்பு, ஒரு கட்டை. நழுவவே இல்லை. ஒருவர் மட்டும், "அத்த, நீங்க இறங்கலியா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி, கும்பம் தேரிலேயே இருக்கட்டும் என்றார். படகு எப்போது தேரானது என்று நான் கேட்கவில்லை. கும்பத்தைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்த வாக்கில் கரை ஏறினேன். எதிரே ஒரு பையன் போனில் படம் எடுத்தான். ஆயர் குரோவில் இருக்கும் என் மகளுக்கு அது அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

கரை உச்சிக்கு வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். மறுபக்கத்தை அதுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அது சரிவாகவும் இல்லை, மண்ணாகவும் இல்லை. தண்ணீர் வரைக்கும் கூரான பாறாங்கற்கள். படகுக்காரர் கற்களைப் பார்த்தார், படகைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.  படகு உச்சியில் நடுவயிறு பட்டு, நான் மூச்சு விட்டால் ஒரு பக்கமும் அவர்கள் பேசினால் மறுபக்கமுமாக ஆடியது.

கீழே மட்டம் சேர்ந்துவிட்டது. பாக்சிக் கதவைத் தூக்கிவிட்டு, சீக்கிரம் வாருங்கள், கொஞ்ச நேரம்தான் திறந்து வைக்க முடியும் என்று கத்தினார். வந்த வழியே இறக்கிவிடலாம் என்றார் இவர்.

"சூடம் காட்டி இழுத்த தேரு பின்னால போவுமா? யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்றார் சம்பந்தி.

யாரும் பார்த்ததில்லை. வடம் பிடித்தவர்கள் கையை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். இவர் முகம் கறுத்துப்போனது. வாழ்க்கையில் லாரியைப் பின்னால் எடுத்த அத்தனை தடவையும் இவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும்.

எனக்கோ கால் மரத்துவிட்டது. இராத்திரி முழுக்க இங்கேயே வைத்துவிடுவார்களோ என்று பயம். சம்பந்தியிடம் இதுவரை, வாங்க, சாப்பிடுங்க என்பதைத் தவிர நான் ஒன்றும் பேசியதில்லை. அதனால் இவரைப் பார்த்துத்தான் மெதுவாகச் சொன்னேன்.

"என்னங்க, தேரு முக்குல திரும்பும்ல?"

 இவர் அதைத் தன் சொல்லாக உரக்கச் சொன்னார். சம்பந்தி யோசித்துவிட்டு, "திரும்பலாம். திரும்புறதுல தப்பில்ல" என்றார்.

ஒரு பழைய டயரை அடியில் செருகித் திருப்பினார்கள். படகு நினைத்ததைவிட லேசாகச் சுற்றியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னொரு சுற்றும் போனது. ஆற்றை, பாறையை, சம்பந்தியை, மறுபடி ஆற்றைப் பார்த்தேன். மூக்கு நாங்கள் ஏறி வந்த ஆற்றுப் பக்கம் வந்ததும் முட்டுக்கட்டையை உருவினார்கள். தேர் முன்னால்தான் போனது, மிக வேகமாகப் போனது. இழுக்க வந்தவர்கள் எல்லாரும் பின்னால் வடத்தில் தொங்கிக்கொண்டு சறுக்கி வந்தார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி விழுந்தது. கும்பத்தில் ஒரு மாவிலைகூடக் கலையவில்லை.

படகுக்காரர் தாவி ஏறித் துடுப்பை ஒரு தள்ளு தள்ளினார். கதவுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டோம். வேறு ஒரு வேலையும் இல்லை. இரண்டு கோப்பை தே ஓ மாதிரியேதான்.

அன்றைக்குத் தெப்பம் சாயாமல் சுற்றியது. சம்பந்தி மைக்கில் இவரைக் கூப்பிட்டு மாலை போட்டார். பாக்சிக்குக்கும் ஒரு மாலை. அவர் மாலையோடு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கதவு திறக்கத்தானே போகிறது, பிறகு எதற்காகப் படகை அந்த அம்மாவோடு மேலே ஏற்றி, சுற்றிக் காட்டி, திரும்ப இறக்கினீர்கள் என்று மலாயில் கேட்டார்.

இவர் சம்பந்தி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஆடாட்" என்றார். எங்கள் சம்பிரதாயம் என்று அர்த்தம்.

பாக்சிக் மரியாதையாகத் தலையாட்டினார். அடுத்த வருஷமும் ஏற்றுவீர்களா, ஏற்றுவதானால் அந்தப் பக்கத்துக் கற்களை எடுத்துப் போடச் சொல்கிறேன் என்றார்.