ஊசிக்கு வைத்த விலை

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குச் சித்தி ஒரு பெட்டியோடு வந்து தங்கினாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். எனக்கும் கோடை விடுமுறை என்பதால் நான் அதை அப்படியே நம்பினேன். கல்யாணமானவர்களுக்குக் கோடை விடுமுறை கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை.

பெரியம்மா மகனான அண்ணனும் பிளஸ் டூ முடித்துவிட்டு அப்போது எங்களோடுதான் இருந்தான். இணையத்தில் பார்த்து ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். அவன் கதை சொல்வான். கேட்கிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். மந்திர ஆயுதங்களை நாங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். ஆனால் சக்திக்குத் தகுந்த விலை வைத்தாக வேண்டும், இல்லையென்றால் பேலன்ஸ் போய் ஆட்டமே கெட்டுவிடும் என்பதில் அண்ணன் கறாராக இருந்தான். என் நெருப்பு வாளை வீசினால் வீசுகிற கையும் சுடும்.

ஒரு மதியம் கரண்ட் போன நேரத்தில் சித்தியும் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டது வாள் இல்லை, ஊசி.

“அதோட காதுல யார் பேரைச் சொன்னாலும் அவங்க தூங்கிடுவாங்க. எழுந்திருக்கவே மாட்டாங்க.”

அண்ணன் சிரித்தான். “சித்தி, இது ரொம்ப ஓவர். என்ன விலை?”

“ஊசி வச்சிருக்கறவளுக்கு ஒரு நாள் பேச்சு வராது.”

“பத்தாது.”

“மூணு நாள்.”

“இன்னும் பத்தாது சித்தி.”

சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். “அந்த மூணு நாளும் அவ யார் கண்ணுக்கும் தெரிய மாட்டா. பக்கத்துலயேதான் நிப்பா, தாண்டிப் போவாங்க. சாப்பிட உக்காரும்போது அவளுக்குத் தட்டு வைக்க மறந்துடுவாங்க. அவளும் கேக்க மாட்டா.”

எங்கோ எழுதியிருப்பதை வாசிப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள். “போதும் சித்தி, பேலன்ஸ் ஆயிடுச்சு” என்று அண்ணன் அவசரமாக நோட்டில் எழுதிக்கொண்டான்.

கதையில் அரக்கன் எதிரே வந்ததும், சித்தி இல்லாத ஊசியை விரல்களில் பிடித்து, உதட்டருகே கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் எதையோ சொன்னாள். பகடை இருபது காட்டியது. நான் கைதட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன்பின் பேசவில்லை.

அன்று மாலை வரை நாங்கள் அதை ரசித்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். அம்மா அவள் நின்ற பக்கமே திரும்பவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா வைத்தது நான்கு தட்டு. சித்தி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். கேட்கவில்லை.

அண்ணனைப் பால்கனிக்கு இழுத்துப் போனேன். “அந்த ரூலை அழிச்சிடுண்ணா.”

“ஆடினதுக்கு அப்புறம் மாத்தக் கூடாது” என்றான். ஆனால் அவன் குரலும் சரியாக இல்லை.

அன்று மதியமே, அவன் தூங்கியதும் நோட்டை எடுத்தேன். அவன் எழுதியதை அடிக்கத் துணிச்சல் வரவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: கூட விளையாடுகிறவர் பாதி விலையைத் தன்மேல் வாங்கிக்கொள்ளலாம். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி சாப்பாட்டின்போதும் நான் பேசவில்லை. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. விலை என்மேலும் ஏறிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் காலை சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சித்தப்பாவும் அவர் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். சித்தி அங்கேயே நிற்கும்போது, “பொண்ணு ரெடியா?” என்று அப்பாவிடம் கேட்டார்கள். வந்தது அரைமணி நேரத் தூரம்தான். ஆனால் சித்தப்பாவுக்குக் கண்கள் செருகிக்கொண்டே இருந்தன. பேச்சு நடுவில் தலை சாய்ந்துவிட, பக்கத்திலிருந்த பெரியவர் அவரை உலுக்கினார். விழித்தவர், “பெட்டிய எடுத்துட்டு வா, கிளம்பலாம்” என்றார்.

சித்தி அசையவில்லை. பாதி விலை என்றால் ஒன்றரை நாள். அது விடிவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. இன்னும் ஏன் பேசவில்லை? பயத்தில் என் வாய் திறந்துகொண்டது.

“சித்தி, முடிஞ்சிடுச்சு. பேசு!”

எல்லோரும் திரும்பினார்கள். அப்போதுதான் அவள் அங்கே இருப்பதே தெரிந்ததுபோல் பார்த்தார்கள்.

“நான் வரல” என்றாள் சித்தி. குரல் கரகரவென்று இருந்தது. இன்னொரு முறை தெளிவாகச் சொன்னாள். “நான் வரல.”

கொஞ்ச நேரம் கத்தினார்கள். பிறகு சாப்பிடாமலே போய்விட்டார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டு, சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தாள். அன்று கரண்ட் போன மதியம், வந்து கூட்டிப்போங்கள் என்று அவர்களுக்கு ஃபோன் செய்தது அம்மாதான். அதைச் சித்தி அறைக்குள்ளிருந்து கேட்டிருக்கிறாள். பெண்ணைத் திருப்பி அனுப்ப முடிவுசெய்துவிட்ட வீட்டில் ஒருவராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியப் பல வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, வந்தவர்களுக்காக அவித்த இட்லி அப்படியே இருக்கிறது என்பது மட்டும்தான். அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தேன். “அழாதம்மா, நாங்களே சாப்பிட்டுடறோம்” என்றேன்.