வலது கைப் பக்கம்

நனைந்த மல்லித்தழையும் டீசலும் கலந்த வாசனை மேலகரம் வளைவில் வந்தால் என் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கே ஒன்றுமில்லை. ஒரு மெக்கானிக் கடை, ஒரு வேப்பமரம், அதற்கு மேலே சாரல் மூடிய மலை. இருந்தும் பார்க்கிறேன். இடது கண்ணைப் பொத்தி ஒருமுறை, வலது கண்ணைப் பொத்தி ஒருமுறை. இரண்டிலும் மலை முழுதாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்கிறேன். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். வாசனை, கடந்துபோன காய்கறி டெம்போவினுடையது. வண்டி வேறு, ஓட்டுகிறவர் வேறு. நான் தேடுகிற அண்ணாச்சி இப்போது எந்த வண்டியும் ஓட்டுவதில்லை.

நான் தென்காசியில் பத்திரம் எழுதுகிறவன். ஊருக்கு நான் ரைட்டர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், யாரும் வாசிக்காத என் கவிதைகளை அடைத்துவைத்த ஒரு அலமாரி. குற்றாலத்தில் லாட்ஜ் ஒன்றின் மேனேஜர், தன் தங்கையின் கிரயப் பத்திரத்துக்காக வந்தவர், கையெழுத்தின் மை காய்வதற்குள் என்னை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். ‘மேற்கு வானம்’ என்று பெயர். மலைக்கு மேலே இன்னதென்று விளங்காமல் தோன்றும் வெளிச்சங்களைப் பற்றிப் பேசுகிறவர்களின் குழு. பறக்கும் தட்டு என்று யாராவது எழுதினால் மேனேஜருக்குப் பொறுக்காது. “அடையாளம் தெரியாத பொருள்னு போடுங்க, அதுலதான் ஒரு மரியாதை இருக்கு” என்பார்.

வானத்தைவிட வம்புதான் அங்கே அதிகம். சுரண்டைக்காரர் ஒருவர் விடாமல் படமெடுத்து அனுப்பிய சிவப்புப் பொட்டுகள் காற்றாலை உச்சியின் விளக்குகள் என்று தெரிந்ததும், அவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு விலகி, நாலாம் நாள் மனைவியின் எண்ணிலிருந்து திரும்ப வந்தார். அந்தி வானில் மணி கோத்தாற்போல் வரிசையாய் நகர்ந்த செயற்கைக்கோள்களைப் ‘படையெடுப்பு’ என்று எழுதிய சிவகிரி வாத்தியாருக்குச் சேனாதிபதி என்று பெயராயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலும் ஒரு குழு இருந்தது. மலையில் பாதி தங்களுடையது, ஆகவே வெளிச்சத்திலும் பாதி தங்களுடையது என்பது அவர்கள் வாதம். “மழையில முக்கால்வாசி அங்கனதான் பெய்யுது, இப்ப இதையும் கேக்காவ” என்று மேனேஜர் கொதித்தார். நம் ஆட்களில் யாரோ நம் படங்களை அவர்களுக்குக் கடத்துவதாக ஒரு பேச்சு எழுந்தது. யார் என்று தெரியாததால் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் சேர்ந்தேன். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. போன் சத்தமிடாமல் ஒரு மணி நேரம் போனால் நானே எடுத்துத் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அண்ணாச்சி இதற்குள் வந்தது தற்செயலாக. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மதியத்துக்கு மேல் தன் டெம்போவில் காய்கறி லோடு ஏற்றி, செங்கோட்டை வழியாக மலை தாண்டிப் புனலூரில் இறக்கிவிட்டு விடியலில் திரும்புகிறவர். போகும்போது குற்றாலம் லாட்ஜின் சமையல்கட்டுக்கு மல்லித்தழையும் முருங்கைக்காயும் போடுவார். ஒருநாள் மூட்டையை இறக்கிக்கொண்டே, “மழையே இல்லாம மின்னுதுவே, கொஞ்ச நாளா” என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். குழுவின் பதிவேட்டை எழுதுகிற வேலை அப்போது என்னிடம் இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணாச்சியின் குரல்பதிவுகள் வரத் தொடங்கின. வண்டியை ஓரங்கட்டி, என்ஜின் உறும உறுமப் பேசுவார். “ரைட்டரே, எழுதிக்கிடும். இப்பதான் பிரானூர் தாண்டுதேன். வலது கைப் பக்கம், வில்லு கணக்கா வளைஞ்சு ஒரு வெட்டு. வெள்ளை. சத்தம் கெடையாது. நான் திரும்புததுக்குள்ள போயிட்டு.” இன்னொரு நாள், “கூடவே பொடிசு பொடிசா கறுப்பா பறக்குதுவே, கொசு மாதிரி. வெரட்டுனா போவ மாட்டேங்கு.” நான் எழுதினேன்: ‘துணைக்கலங்கள் பல. விலகாமல் தொடர்ந்தன.’

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. பத்திரத்தில் இடது, வலது என்று எழுதக்கூடாது. யார் எந்தப் பக்கம் பார்த்து நின்று சொன்னார் என்று பிற்பாடு வழக்கு வரும். நான்கெல்லை என்றால் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குதான். இருபது வருடமாகக் கட்சிக்காரர்கள் “அந்தா இடது பக்கம் ஒரு கெணறு” என்றால், கையே அதைத் திசையாக மாற்றி எழுதிவிடும். அண்ணாச்சி மேற்கே போகும்போது சொன்ன வலது கைப் பக்கத்தை ‘சாலைக்கு வடக்கே’ என்று எழுதினேன். கிழக்கே திரும்பும்போது சொன்ன வலது கைப் பக்கத்தை ‘சாலைக்குத் தெற்கே’ என்று எழுதினேன். அந்தியில் வடக்கு, விடியலில் தெற்கு. மறுபடி வடக்கு, மறுபடி தெற்கு. பதிவேட்டைப் பார்த்த குழு துள்ளியது. ஒரு பொருள் தினமும் சாலையைக் கடந்து போய்வருகிறது, மலையை அளக்கிறது என்றார்கள். என் வரிகள் ஊர் ஊராகப் பயணம் போயின. முகம் தெரியாதவர்கள் ‘யார் சார் எழுதுவது?’ என்று கேட்டார்கள். அலமாரிக் கவிதைகளை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் மறைக்க முடியாது.

அண்ணாச்சிக்கும் பிடித்திருந்தது. மார்க்கெட்டில் அவரைப் பறக்கும்தட்டு அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். லோடு ஏற்றுகிறவர்கள், “இன்னைக்கு மேல ஏறிப் போயிருவியளோ, வண்டிச் சாவியக் குடுத்துட்டுப் போங்க” என்பார்கள். “ஒங்க மூட்டை கனத்தப் பாத்தா தட்டுக்காரனே கும்பிடு போட்டுட்டுத் திரும்பிப் போயிருவான்லே” என்பார் அவர். அவர் மனைவியான அக்காதான் முதலிலிருந்தே, ஒரு கண் டாக்டரிடம் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அதற்குச் சொன்ன பதிலை அக்கா பிறகு என்னிடம் சொன்னார்: “ரைட்டரே எழுதியிருக்காரு, அவரு பொய்யாவா எழுதுவாருன்னு கேட்டாவ.”

கோயம்புத்தூர் சேனல் ஒன்றிலிருந்து அண்ணாச்சியைப் படமெடுக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாயிற்று. அவர்களுக்குக் கொடுக்கச் சுத்தப் பிரதி எடுக்கும் பொறுப்பு எனக்கு. வியாழக்கிழமை பிற்பகல், பதிவு அலுவலகத்தில் சர்வர் படுத்துவிட்டது. வெளியே சாரல். மேசையில் ஆளில்லை. குரல்பதிவுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். வலது கைப் பக்கம். வலது கைப் பக்கம். போகும்போதும் வலது கைப் பக்கம், வரும்போதும் வலது கைப் பக்கம். ஒரு நாள் வீட்டு மாடியில் துணி எடுக்கும்போதும், ஒரு நாள் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே பக்கம். பழைய நகல் ஒன்றின் முதுகில் சாலையைக் கோடாக வரைந்தேன். மேற்கே ஒரு அம்பு, கிழக்கே ஒரு அம்பு. மலைமேல் நிற்கும் ஒன்று, போகும்போது வலப்பக்கம் தெரிந்தால் திரும்பும்போது இடப்பக்கம் தெரியவேண்டும். இது இடப்பக்கம் வந்ததே இல்லை. இது அவரோடு திரும்புகிறது. நான் வடக்கென்றும் தெற்கென்றும் பிரித்து எழுதிய அத்தனையும் ஒரே இடம். அந்த இடம் வானத்தில் இல்லை.

போனை எடுத்தேன். ‘கண்ணைக் காட்டும் அண்ணாச்சி’ என்று அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன். அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் என்று ஒரு குரல். நீ என்ன டாக்டரா என்று இன்னொன்று. வெள்ளிக்கிழமை மனது கேட்காமல் பாவூர்சத்திரத்துக்கே பஸ் ஏறிப் போனேன். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், “என்னவே ரைட்டரே, இங்கனயே வந்துட்டீரு! சட்டை எந்தக் கலர் போடணும், கேமராவுக்கு?” என்றார். நான் நீலம் என்றேன். அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அந்த ‘நீலம்’ என்ற சொல் இன்னும் என் வாயில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை லாட்ஜ் மொட்டைமாடி. அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களின் எண்ணெய் வாசம் கீழிருந்து வந்தது. குழுவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். சேனாதிபதி பைனாகுலரோடு வந்திருந்தார். அண்ணாச்சி நீலச் சட்டையில், படியேறும்போது கைப்பிடியை இரண்டு முறை தவறவிட்டார். கேமரா ஓடத் தொடங்கியது. “இன்னைக்கு ஏதாவது தெரியுதா?” என்று கேட்டார்கள். அவர் மலையைப் பார்த்தார். “தெரியுது. முன்ன மாதிரி இல்ல. கறுப்பா, கீழ இருந்து ஏறி வந்து நிக்குது. காலையில மலையடிவாரத்த மறைச்சிருந்தது. இப்ப பாதி மலையக் காணோம்.” மாடி முழுக்க ஒரு மூச்சு. “தாய்க்கலம்!” என்றார் மேனேஜர், கண் கலங்க. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். நான் மட்டும் அண்ணாச்சியைப் பார்த்தேன். நாலு எட்டில் போய், “வலது கண்ணப் பொத்தும் அண்ணாச்சி” என்றேன்.

“என்னவே?”

“பொத்தும்.”

பொத்தினார். “மலை வந்துட்டு” என்றார். கையை எடுத்தார். “போயிட்டு.” மறுபடி பொத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கேமராக்காரர் எதையும் புரிந்துகொள்ளாமல் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காவையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குக் காரில் போனோம். கண் மருத்துவமனையில் அவரைச் சோதித்துவிட்டு வந்த டாக்டரம்மா என் பதிவேட்டை வாங்கி, நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். “யார் எழுதினது? தேதி, நேரம், மின்னல், கரும்புள்ளி எல்லாமே இருக்கு. ஒரு டாக்டர்கூட இவ்வளவு தெளிவா எழுதமாட்டாங்க. விழித்திரை கிழியும்போது வர்ற வெளிச்சம் இது. மின்னினப்பவே வந்திருந்தா லேசர் வச்சு நிறுத்தியிருக்கலாம். எப்பவும் ஒரே பக்கம்னு எப்ப கவனிச்சீங்க?” அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “வியாழக்கிழமை” என்றேன். டாக்டரம்மா தலையை அசைத்தார். “அன்னைக்கு வந்திருந்தாக்கூட வாய்ப்பு இருந்திருக்கும்” என்றார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. அக்கா மட்டும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணில் வெளிச்சம் உண்டு, உருவம் கிடையாது. இடது கண்ணிலும் வரக்கூடும், கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். குழுவில் வேறு கதை ஓடியது. ரைட்டர் புனலூர்க்காரர்களின் ஆள் என்றார்கள். தாய்க்கலத்தை மறைக்க ஆஸ்பத்திரி நாடகம் என்றார் சேனாதிபதி. மேனேஜர் மட்டும் தனியாகப் போனில், “கண்ணுன்னு எனக்குத் தோணவே இல்லையே சார்” என்று நெடுநேரம் அழுதார். நான் விலகினேன். குழு இன்றும் நடக்கிறது. போன வாரம்கூட மலைமேல் எதையோ பார்த்திருக்கிறார்களாம். எழுத ஆளில்லையாம்.

என் போன் இப்போதும் மேசையில் கவிழ்ந்தே கிடக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் கை தானாக அதைத் திருப்பிப் பார்க்கும். குரல்பதிவா, யாருடையது, எந்தப் பக்கம் என்று. மல்லித்தழை வாசனைக்குக் கழுத்து திரும்புகிறதே, அதுவும் இதேதான். அண்ணாச்சி டெம்போவை விற்றுவிட்டு மகளோடு இருக்கத் திருப்பூருக்குப் போனார். தென்காசி பஸ் நிலையத்தில் வழியனுப்ப நான் போயிருந்தேன், வரலாமா என்று கேட்காமலே. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். அண்ணாச்சி படியில் ஒரு காலை வைத்து, அது படிதானா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டார். நான் நின்றது அவருடைய வலப்பக்கம். ஒரு நிமிடம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தேன். அப்போதுதான் என்னைக் கண்டார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். அண்ணாச்சி குனிந்து, என் காதருகில் சொன்னார்:

“இடது கைப் பக்கம் மின்னுனா ஒமக்குத்தான் மொதல்ல சொல்லுவேன், ரைட்டரே. சொன்னத சொன்னபடி எழுதும்.”