தட்டாமல் விட்ட போல்ட்

“உன் சித்தி என்ன வேலை பார்க்கிறாங்க?” என்று பள்ளியில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பாறையைத் தட்டுகிறாள் என்றா சொல்வது?

நான் சித்தியிடம்தான் வளர்ந்தேன். எங்கள் கரையிலிருந்து படகில் அரை மணி நேரம் போனால் ஒரு தீவு. அங்கே கடலோரமாகச் செங்குத்தாக நிற்கும் பாறையில் கயிறு கட்டி ஏறுவதற்கு ஆட்கள் வருவார்கள். அந்தக் கயிறு மாட்டுவதற்காகப் பாறையில் பதித்த எஃகு போல்ட்டுகளை உப்புக்காற்று உள்ளுக்குள் அரித்துவிடும். வெளியே பளபளப்பு குறையாது. அதனால் சித்தி வாரா வாரம் கயிற்றில் தொங்கி, ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் கெட்டது. நல்லதற்கு நோட்டில் ஒரு டிக். பதினோரு வருடமாக இதே வேலை.

பள்ளி முடித்து வீட்டில் இருப்புக் கொள்ளாமல், ஒரு சனிக்கிழமை நானும் உடன் போனேன். ஏற வந்த ஆறு பேரும் ஏறுவோர் சங்கத்தின் செயலாளரும் படகில் இருந்தார்கள்.

“என்ன டாக்டரம்மா, நோயாளியவிட நீங்க வாடிக் கெடக்கீங்க?” என்றார் படகுக்காரர். போல்ட்டைத் தட்டிப் பார்ப்பதால் அவருக்குச் சித்தி டாக்டர்.

“படகை ஒழுங்கா ஓட்டுங்கண்ணே. கவுந்தா உங்களத் தூக்க எனக்குத் தெம்பில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேலே போனாள். கணீர், கணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. உச்சியில் இருந்த கடைசி போல்ட் மட்டும் மொத்தென்றது. அவள் இறங்கிவர வெகுநேரம் ஆனது.

“இன்னைக்கு யாரும் ஏற வேணாம்,” என்றாள்.

“போன வாரம் நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களேக்கா?” என்றார் செயலாளர்.

ஒரு வாரத்தில் அரித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். அடுத்த மாதம் அவளுடைய வேலையை நீட்டிப்பதும் அவர் கையில்தான் இருந்தது.

“போன வாரம் அதைத் தட்டலைங்க. கை தூக்க முடியல. பளபளன்னு இருந்துச்சு, டிக் போட்டுட்டேன்.”

“அட, இதை இப்ப யாரு கேட்டாங்கக்கா?”

“போன வாரம் எட்டு பேர் அதுல தொங்கிட்டுப் போயிருக்காங்க தம்பி.”

அவர் கையை நீட்டினார். சித்தி சுத்தியலையும் நோட்டையும் கொடுத்தாள். படகில் திரும்பும்போது சித்தி மிதவைச் சட்டைகளின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டில் அவளால் சட்டையைக் கழற்ற முடியவில்லை. நான்தான் கையை உருவிவிட்டேன்.

“எத்தனை நாளா சித்தி இப்படி?”

“ஒரு வருஷமா. சொன்னா வேலை போயிடுமேன்னு இருந்தேன்டி.”

அந்த வேலை போய்விட்டது. இப்போது கரையில் இருக்கும் கொட்டகையில், ஏறுகிறவர்களின் கயிறுகளை உப்புப் போக அலசுகிறாள்.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது, பிறர் ஏறுவதற்கு முன்பாக எதையாவது சரிபார்க்கிற வேலையில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். உடம்பு முடியாத நாளில் முடியவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிடச் சொல்லுங்கள். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.