மாடியில் ஒரு குழந்தை இருந்தது

போன சனிக்கிழமை என்னைப் பார்த்ததும் என் மாடி வீட்டுக்காரி திரும்பி ஓடப் பார்த்தாள்.

இடம் – டெல்லியில் சாணக்யபுரி பக்கம் ஒரு பள்ளிக்கூட அறை. சனிக்கிழமைதோறும் அங்கே ஒன்பது குழந்தைகள் விளையாட வருகிறார்கள். ஆட்டிஸம் உள்ளவர்கள். இந்த வார்த்தையே எனக்கு இரண்டு மாதமாகத்தான் தெரியும். பல பேருக்குப் பேச்சு வராது. கண்ணைப் பார்க்க மாட்டார்கள். அதை நடத்தும் பஞ்சாபிப் பெண்மணி எனக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒன்றுதான்: பந்தை உருட்டிவிட்டுக் காத்திருப்பது. "ஜல்தி மட்டும் கூடாது, பெஹன்ஜி" என்பார். அவசரப்படக் கூடாதாம்.

அன்று புதிதாக ஒரு சிறுமி வந்தாள். எட்டு வயதிருக்கும். அவள் கையைப் பிடித்திருந்தது... சாந்தாமணி! மோதி பாக் குவார்ட்டர்ஸில் எனக்கு நேர் மேலே குடியிருப்பவள். ஈரோட்டுக்காரி. மூன்று வருஷப் பழக்கம். எனக்குத் தெரிந்து அவளுக்கு ஒரே பிள்ளை, செந்தில்.

"யாரு இது, சொந்தக்காரப் பொண்ணா?" என்றேன்.

"எம் பொண்ணுதானுங்கக்கா. கவிதா."

குவார்ட்டர்ஸில் ரகசியம் தங்குமா? யார் வீட்டில் ரேஷன் சர்க்கரை தீர்ந்தது என்பது வரை எங்களுக்குத் தெரியும். ஒரு முழுக் குழந்தை இருந்தது தெரியவில்லை!

"அவங்கப்பாதான் வெளிய தெரிய வேண்டாம்னாங்க. செந்திலுக்கும் சொல்லி வெச்சுட்டோம்" என்றாள் சாந்தாமணி, தரையைப் பார்த்தபடி.

கவிதா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பந்தை உருட்டினேன். அவள் தொடவில்லை. அப்போதுதான் கவனித்தேன் – இடது கணுக்காலைச் சுற்றிக் கறுத்த தழும்பு.

"கொலுசு இறுக்கமா?"

சாந்தாமணி குனிந்து பெண்ணின் பாவாடையை இழுத்து அந்தக் காலை மூடினாள்.

"நீங்க ஒரு நா மேல வந்து, மத்தியானத்துல என்ன சத்தம்னு கேட்டீங்கல்லக்கா? மசால் இடிக்கிறேன்னு சொன்னேன். இவதான் குதிச்சுட்டிருந்தா. குதிக்காம இருக்கமாட்டா. அப்புறம் என்ன பண்றதுங்க... ரெண்டு மணிக்குக் கட்டில் கால்ல கட்டிப் போட்டுருவேன். நாலு மணிக்கு அவுத்துருவேன். பழைய சேலைதானுங்க, கயிறு இல்ல."

நான் கேட்டது உண்மை. நான் எழுத உட்காரும் நேரம் இரண்டிலிருந்து நாலு. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒருநாள் மாடியேறி, சிரித்த முகத்தோடு, மிக நாசூக்காகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே சத்தம் நின்றது. எவ்வளவு தன்மையான பெண் என்று என் கணவரிடம் பாராட்டினேன். இந்தப் பத்திரிகையில் நீங்கள் வாராவாரம் படித்த என் பத்திகளெல்லாம் அந்த நிசப்தத்தில் எழுதியவை.

அன்று பந்து உருட்ட என் கை வரவில்லை.

"சாந்தா, இனிமே கட்டாதே. கூரை இடிஞ்சு விழட்டும், குதிக்கட்டும்" என்றேன். தலையாட்டினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே சத்தமே இல்லை. மறுபடி கட்டிவிட்டாளா? ஆத்திரத்தோடு மாடியேறினேன்.

கதவைத் திறந்த சாந்தாமணியின் கண்கள் சிவந்திருந்தன. உள்ளறையைக் காட்டினாள்.

கட்டில் காலருகே கவிதா உட்கார்ந்திருந்தாள். கட்டு இல்லை. இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, கட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

"ரெண்டு மணியானதும் தானா வந்து உக்காந்துட்டாக்கா. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்கறா."

நானும் அவளருகே தரையில் உட்கார்ந்தேன். நாலு மணி வரை மூவரும் அப்படியே இருந்தோம். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். இதை எழுதச் சொன்னதே சாந்தாமணிதான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இந்தக் குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாது என்று இரண்டு டாக்டர்கள் கைவிரித்தார்களாம். என்னிடம் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது – இரண்டு மணியானால் காலை நீட்ட.