எதிர்வீட்டுக் கிரைண்டரும் குறைதீர்ப்பாளரும்

"மனுதாரரின் இல்லத்தில் மாலை வேளையில் மின்னழுத்தம் அளக்கப்பட்டது. அளவு விதிகளுக்கு உட்பட்டே உள்ளது. ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது."

மின் துறையின் குறைதீர் மன்றத்திலிருந்து வந்த இந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. முத்திரையில் மாதம் தெரிகிறது. நாள் மையில் கரைந்துவிட்டது. கைக்கு வந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். வாசல்களில் எண்ணெய் வற்றிய அகல்களை இன்னும் யாரும் எடுத்திருக்கவில்லை.

மனுதாரர் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். என்னை அண்ணா என்பார்; எனக்கும் அவர் தங்கச்சிதான். அவருடைய கணவர் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். நுரையீரல் நலிந்துபோய் வேலையை விட்டு, ஆக்சிஜன் மெஷினோடு வீட்டில் இருக்கிறார். மூக்குக் குழாயை மாட்டிக்கொண்டே தெருவில் போகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுப்பார்.

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் எங்கள் தெரு, மின்கம்பி போய் முடிகிற தெரு. டிரான்ஸ்பார்மர் கரும்புக் கொல்லைக்கு அப்பால் ஊரின் மறுகோடியில் இருந்தது. பொழுது சாய்ந்தால் டியூப்லைட் இரு முனையிலும் சிவந்து துடிக்கும், எரியாது. மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். எங்களுக்கெல்லாம் அது புழுக்கம், அவ்வளவுதான். தங்கச்சி வீட்டில் மட்டும் அது மூச்சு. அழுத்தம் குறைந்தால் மெஷின் கீ கீ என்று கத்திவிட்டு நின்றுவிடும். ஸ்டெபிலைசர் வாங்கிப் பார்த்தார்கள். அதுவும் சேர்ந்து அணைந்தது. அவசரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் மூலையில் நின்றது.

தெரு இதற்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது. தங்கச்சிக்கு எதிர்வீட்டு மாவுக்காரம்மா இட்லி மாவு அரைத்து விற்பவர். கிரைண்டரைப் போடுவதற்கு முன் வாசலுக்கு வந்து குரல் கொடுப்பார்.

"யக்கா, போடட்டுமா?"

"போடு" என்று பதில் வந்தால் போடுவார். "செத்த இருடி" என்று வந்தால் ஊறின அரிசியோடு உட்கார்ந்திருப்பார். மற்ற வீடுகளில் தண்ணீர் மோட்டார் போட இருந்தவர்களும் அந்தக் குரலைக் கேட்டுக் கையை எடுத்துக்கொள்வார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை.

ஆவணியில் ஒருநாள் மாலை, பக்கத்துத் தெருவில் கல்யாணப் பந்தல் போட்டுச் சீரியல் விளக்கு எரிந்தது. எங்கள் தெரு முழுக்க எல்லாவற்றையும் அணைத்தும் மெஷின் நின்றுவிட்டது. சிலிண்டரைத் திருகி மாட்டுவதற்குள் அவருடைய உதடு கறுத்ததைத் தங்கச்சி பார்த்தார். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "எழுதுங்கண்ணா" என்றார். எழுதினேன்.

ஐப்பசி மழை சற்று விட்டிருந்தபோது அளக்க வந்தார்கள். 'மாலையில் வாருங்கள்' என்று மனுவில் கேட்டிருந்தோம், மாலையில்தான் வந்தார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நானும் கூட நின்றேன். மெஷின் அன்றைக்கு மணியாக ஓடியது. அளவு பார்க்கும் கருவியும் நல்ல எண்ணையே காட்டியது. லைன் இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டு போனார்.

"இன்னா மெஷினு, ஆபீசரக் கண்டா உனக்கும் பயமா?" என்று அதன் தலையில் தட்டினார் கணவர். தங்கச்சி சிரிக்கவில்லை.

அதன் விளைவுதான் கார்த்திகைக் கடிதம். முடிவில் திருப்தியில்லை என்றால் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்மனு செய்யலாம் என்று அதன் அடியிலேயே ஒரு வரி இருந்தது.

"அவரு எங்க இருக்காரு?"

"வடக்கே எங்கேயோம்மா."

"வடக்க இருக்கறவருக்கு எங்க வூட்டு லைட்டு எப்டிண்ணா தெரியும்?"

 இருந்தாலும் மேல்மனு எழுதினேன்.

பொங்கல் கழிந்த வாரத்தில் விசாரணை வைத்தார்கள். நேரில் வர வேண்டாம், வீடியோவில் பேசலாம் என்று தகவல் வந்தது. தங்கச்சி வீட்டுக் கூடத்தில், அரிசி டப்பாமேல் என் போனைச் சாய்த்து வைத்தோம். தங்கச்சி பட்டுப்புடவை கட்டியிருந்தார். போனில் கண்ணாடி போட்ட ஒரு வயதானவர். பக்கத்துக் கட்டத்தில் இங்கத்து மின் அலுவலக அதிகாரி. குறைதீர்ப்பாளர் ஆங்கிலத்தில் கேட்டார்; நான் தமிழில் சொல்லி, தங்கச்சி சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தார்: அளந்த அன்று சரியாகத்தானே இருந்திருக்கிறது? நான் கேள்வியை மறுபடி தமிழில் சொன்னேன். பக்கத்தில் மெஷின் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

அப்போது வெளியிலிருந்து குரல் வந்தது.

"யக்கா! போடட்டுமா?"

போனில் யார் இருக்கிறார்கள் என்பதையே மறந்து தங்கச்சி கத்தினார்: "செத்த இருடி! மாமா மூச்சுவாங்கிட்டு கீறாரு!"

குறைதீர்ப்பாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். நான் வழக்கத்தை விளக்கினேன். அவர் மறுபடி பேனாவை எடுத்தார். பிறகு, அளக்க வந்த அன்றும் அந்த அம்மாள் கேட்டாரா என்றார்.

நான் வாசலுக்குப் போய் மாவுக்காரம்மாவைக் கூட்டிவந்தேன். கையில் ஈர மாவு அப்பியிருந்தது. கேள்வியைச் சொன்னேன்.

"அன்னிக்கு எதுக்குண்ணா கேக்கணும்? நான் கிரைண்டரே போடலியே. ஆபீசருங்க வர்றாங்கன்னு வூடு வூடாப் போயி எல்லாத்தையும் அணைக்கச் சொல்லிட்டேன். அவங்க வந்து நிக்கறப்ப மாமா மெஷினு நின்னுபூட்டா நமக்குத்தான அசிங்கம்?"

தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, அது நிக்கணும்னுதான்டி அவங்களயே வரச்சொன்னோம்!"

கணவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, குழாயைப் பிடித்துக்கொண்டார். அளக்க வந்த அன்று என் வீட்டு ஃப்ரிட்ஜும் அணைந்திருந்தது என்பதை என் மனைவி விசாரணை நடந்த அன்றுதான் என்னிடம் சொன்னார். நான் மொழிபெயர்த்து முடித்ததும் குறைதீர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் ஊர் அதிகாரியும் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

குறைதீர்ப்பாளர் போட்ட இடைக்கால உத்தரவு சுருக்கமானது. கம்பத்தில் தானே பதிவு செய்யும் கருவியை ஒரு வாரம் பொருத்த வேண்டும். அந்த வாரம் தெருவில் எல்லோரும் வழக்கம்போல மின்சாரத்தைப் பயன்படுத்த வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தங்கச்சியின் கணவர் அந்த வீட்டில் இருக்கும்வரை தெருவில் யாரும் வழக்கம்போல இருக்கமாட்டார்கள். எத்தனை தடவை சொன்னாலும் மெஷின் கத்துவதற்கு முன்பே அவர்களுடைய கை சுவிட்சுக்குப் போய்விடும். ஆகவே அவரை மூலக்குளத்தில் இருக்கும் மைத்துனி வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவானது. அங்கே கரண்டுக்குக் குறைவில்லை.

"என்னை ஊர விட்டுத் தள்னாத்தான் கரண்டு வருமா?" என்றார், வேனில் மெஷினோடு ஏறிக்கொண்டே.

"போய்ட்டு வா மாமா. ஒரு வாரம் உன்ன கேக்காம அரைச்சுத் தள்றேன்" என்றார் மாவுக்காரம்மா. வேன் திரும்பியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் மாலை நான் திண்டாடிப்போனேன். கிரைண்டர் ஓடவில்லை. போய்ப் பார்த்தால், மாவுக்காரம்மா வாசலில் நின்று, பூட்டிய எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடும்மா."

"வாய் வரைக்கும் வந்துச்சுண்ணா. கேக்காம போட ஒரு மாதிரியா கீது."

தங்கச்சி மூலக்குளத்திலிருந்து தினமும் போன் செய்தார். "எல்லாரும் போடறாங்களா? அணைக்காம இருக்கச் சொல்லுங்கண்ணா" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க ராத்திரி நல்லாத் தூங்கறாரு" என்பார்.

கருவி பதிந்ததைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கார்த்திகைக் கடிதத்தில் இருந்ததற்கு நேர்மாறாக இருந்தது. எங்கள் பகுதிக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வைத்துத் தர வேண்டும் என்று பங்குனியில் இறுதி உத்தரவு வந்தது. சொன்ன கெடுவுக்குள் வரவில்லை. நினைவூட்டி ஒரு கடிதம் எழுதினேன். ஆடியில், எங்கள் தெருமுனை வாய்க்கால் கரையில் இரண்டு கம்பம் நட்டு மேலே ஏற்றினார்கள். மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியவர் மாவுக்காரம்மா.

அன்று மாலை கிரைண்டர் ஓடியது. எதிரே மெஷினும் ஓடியது. தங்கச்சி மெஷின் பக்கத்திலேயே, சிலிண்டர் சாவியைக் கையில் பிடித்தபடி, அரைத்து முடியும்வரை நின்றார். அது கத்தவில்லை. சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, காபி போடப் போனார். இப்போது கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் எதிர்வீட்டு வாசலிலிருந்து தினமும் குரல் வருகிறது.

"மாமா, போடட்டுமா?"

"போடு, போடு. கேட்டுகினு."

குறைதீர்ப்பாளர் என்றொருவர் இருப்பதால் ஏதாவது நடக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. ஆனால் ஒன்றையும் சேர்த்தே சொல்லவேண்டும். டிரான்ஸ்பார்மர் வந்த மறுமாதம், ஆவணியில், டீக்கடையில் பார்த்தபோது லைன் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "அந்த டிரான்ஸ்பார்மரு எஸ்டிமேட்டு முன்னாடியே சாங்ஷன் ஆயிருந்துச்சுங்க. உங்க ஆர்டரு வராட்டியும் வந்திருக்கும்." தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். "எப்ப வந்திருக்கும்? அதக் கேட்டீங்களா?" என்றார். மின் அலுவலகத்துக்குக் கேட்கப் போனேன். கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். அடுத்த முறையும் அதையே சொன்னார்கள். உத்தரவின் நாள் என்னிடம் இருக்கிறது. எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் கொடுத்த நாளை நான் பார்க்கவில்லை. எது முந்தியது என்பது இதை எழுதும் வரை உறுதியாகவில்லை.