பைப்பில் வந்த மஞ்சள் தண்ணீர்

எங்கள் தெருப் பைப்பில் அம்மனே வந்துவிட்டாள் என்று மாத்தளையில் ஒரு காலை நேரம் முழுக்க நம்பினார்கள். நம்பியவர்களில் பள்ளிக்கூட வாத்தியாரும் உண்டு, அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கிறவரும் உண்டு. அம்மன் வந்ததற்குக் காரணம் நான். நம்பிக்கை மத்தியானத்துக்கு மேல் நீடிக்காமல் போனதற்குக் காரணம் என் சித்தப்பா.

அது வெள்ளைக்காரன் காலம். எனக்கு ஒன்பது வயது. சரிவான ஒரு தெருவின் மேல்கோடியில் எங்கள் வீடு. சித்தப்பா சேலைகளுக்குச் சாயம் போடுகிறவர். அம்மன் கோவில் திருவிழா வந்தால் மஞ்சள் சேலை கட்டாத பெண் ஊரில் இருக்கமாட்டாள், அதில் பாதிச் சேலை எங்கள் முற்றத்துத் தொட்டியில் முங்கி எழுந்ததாகத்தான் இருக்கும். "சுத்த மஞ்சள்ல முக்குனதுங்க, வேற ஒண்ணும் சேக்கிறதில்ல" என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்து விற்பார். எங்கள் வீட்டில் மஞ்சள் குழம்புக்கு மட்டும்தான் போனது. சேலைக்குப் போனது கொழும்பிலிருந்து டின்னில் வரும் பவுடர். அது துணியில் பிடிப்பதற்குச் செங்கல் நிறத்தில் ஒரு கட்டி உப்பு. அந்த உப்பை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். "இதத் தொட்ட கைய வாயில வச்சே, அதோட நீ முடிஞ்சே" என்பார். சித்தப்பா சொன்ன எத்தனையோ பேச்சில் அது ஒன்றுதான் பொய் கலக்காதது.

அந்தத் தெருவில் வீட்டுக்குள் பைப் வந்தது எங்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கெல்லாம் சரிவின் அடியில் ஒரு தெருப் பைப். எங்கள் பைப்பில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியைத் தொட்டிக்கு ஒரு சாண் மேலே கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டிருப்பார் சித்தப்பா. பைப் போட்டுக்கொடுத்த ஓவர்சியர் அப்படித்தான் இருக்கவேண்டும் என்றாராம். ஏன் என்று சித்தப்பா கேட்கவில்லை. ராகு காலம் பார்ப்பதுபோல இதையும் காரணம் கேட்காமல் கடைப்பிடித்தார். கொக்கியிலிருந்து குழாயைக் கழற்றினால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன் என்று எங்களுக்கு உத்தரவு.

தேருக்கு முந்தின நாள் காலை. தொட்டியில் பாதிக்குச் சாயத்தைக் கரைத்து, சேலைகளைப் போட்டு, பைப்பைத் திறந்துவிட்டு, "நெறைஞ்சதும் மூடிரு ஆத்தா" என்று என்னிடம் சொல்லிவிட்டு சித்தப்பா கடைவீதிக்குப் போனார். நான் அன்று புதுப் பாவாடையில் இருந்தேன். வெள்ளைப் பட்டு. தண்ணீர் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்து, துளித் துளியாக மஞ்சள் தெறித்தது. எட்டி நின்று பார்த்தேன், அப்படியும் ஒரு பொட்டு பாவாடையில் விழுந்துவிட்டது. அழுகை வந்தது எனக்கு. குழாயைக் கொக்கியிலிருந்து எடுத்து நுனியைத் தொட்டிக்குள் அமுக்கிவிட்டேன். சத்தமும் இல்லை, தெறிப்பும் இல்லை. இவ்வளவு சுலபமான வேலையை இந்த மனுஷன் ஏன் இப்படிச் சிக்கலாக்கி வைத்திருக்கிறார் என்று சித்தப்பாவின் புத்தியை நினைத்துச் சிரித்தும் கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. அடிக்கடி நிற்கும்தான். பைப்பை மூடாமலே பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பாவாடையைக் காட்டிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் இல்லை. சேலைகள் அடியில் சுருண்டு கிடந்தன. ரப்பர் குழாய் மட்டும் கடைசிச் சாயத்தை 'கொர்ர்' என்று உறிஞ்சிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுக்கிற பைப் தண்ணீர் குடிப்பதை நான் அதுவரை கண்டதில்லை. ஓடிப்போய் மூடினேன். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று தேடினேன். தரை காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினேன். தெருப் பைப்படியில் கூட்டம். தண்ணீருக்காகப் பைப்பைத் திறந்துவைத்துக் காத்திருந்த பெண்களின் குடங்களில் மஞ்சளாகத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. அதற்குள் பைப்பின் கழுத்தில் யாரோ பூச்சரம் சுற்றி, அடியில் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். "தேருக்கு மொத நாளு, தாயி தானா எறங்கி வந்துட்டா பாருங்க!" என்று ஒருத்தி அழுதாள். வாத்தியார் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார்.

அம்மை போட்ட வீட்டுக்காரி பைப்படிக்கு வருவது வழக்கமில்லை. யாராவது தண்ணீர் கொண்டுபோய் வாசலில் வைப்பார்கள். ஆனால் அன்று கீழ்வீட்டு அக்கா வந்திருந்தாள். மூன்று வயது மகனை வேப்பிலையோடு சேலையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். அவனுக்கு அம்மை போட்டு ஐந்து நாள். முகத்தில் ஊசி குத்த இடமில்லை. கூட்டம் அவளுக்கு வழி விட்டது. அவள் குடத்திலிருந்து கையில் அள்ளி அவன் வாயில் ஊற்றினாள். ஒரு கை. இரண்டு கை. மூன்று கை. அவன் தாகத்தோடு குடித்தான்.

ஐயோ, நான் கத்தவில்லையே!

பின்னால் சித்தப்பா வந்து நின்றார். கடைவீதியிலிருந்து திரும்பியவர், குடத்தில் இருந்த நிறத்தைப் பார்த்தார். தன் சாயம் அவருக்குத் தெரியாதா? என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொழாய தொட்டிக்குள்ள போட்டுட்டேன்" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

அவர் என்னை அடிக்கவில்லை. கூட்டத்துக்குள் பாய்ந்து குடங்களைக் காலால் எத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. கற்பூரம் அணைந்தது. நாலு பேர் அவரைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தார்கள்.

"குடிக்காதீங்க! அது எந்தொட்டித் தண்ணி! சேலை முக்குன தண்ணி!"

"இருந்தா என்னாய்யா?" என்றார் வாத்தியார். "அதுவும் சுத்த மஞ்சள்தானே? நீதானே சொன்னே? ஓந்தொட்டி வழியா அம்மா வந்திருக்கா, கும்புடுவியா, ஒதைக்கிறியே!"

ஒருத்தி கவிழாத குடத்திலிருந்து மறுபடி அள்ளினாள். சித்தப்பாவின் முகம் வெளிறிப்போனது. தான் சொன்ன பொய்யை நம்பி ஊர் விஷம் குடிப்பதை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"மஞ்சள் இல்லைங்க! ஒரு சேலையிலயும் மஞ்சள் போட்டதில்லைங்க! டின்னுப் பவுடர், நஞ்சு உப்பு. அம்மா மேல சத்தியமா சொல்றேன், துப்புங்க! வாயில வெரல விட்டு எடுங்க!"

சேலை வாங்கிய பெண்கள் தாங்கள் கட்டியிருந்த மஞ்சளைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு யாரோ ஓங்கரித்தார்கள், பின் எல்லோரும். ஒரு பெண் சித்தப்பாவின் முகத்தில் காறித் துப்பினாள். அவர் துடைக்கக்கூட இல்லை, கீழ்வீட்டு அக்காவின் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "அம்மா இருக்கிற ஒடம்ப ஆஸ்பத்திரிக்கா தூக்கிட்டுப் போற, பாவி!" என்று அவள் தலைவிரிகோலமாகப் பின்னால் ஓடினாள்.

மத்தியானம் ஓவர்சியர் ஆட்களோடு வந்து தெருப் பைப்பையும் எங்கள் பைப்பையும் அடைத்தார். தேர் நாளைக்கு வேண்டிய தண்ணீருக்காக மேலே ஏதோ பைப்பைப் பொருத்துகிற வேலை நடந்ததாம், அதற்காகக் காலையில் பெரிய வால்வை மூடியிருந்தார்கள். அவர் எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி, வற்றிய தொட்டிக்குள் இன்னும் கிடந்த குழாய் நுனியைத் தூக்கிக் காட்டினார்.

"தண்ணி பைப்புல ஒரு பக்கமாத்தான் ஓடும்னு நெனைச்சீங்களா? மேலருந்து தள்ளுறது நின்னுட்டா, கீழ தெறந்திருக்கிற பைப்பு எங்க தண்ணி கெடைக்குதோ அங்கருந்து இழுக்கும். குழாய் நுனிக்கும் தொட்டிக்கும் நடுவுல ஒரு சாண் காத்து இருந்தா, காத்தத்தான் இழுத்திருக்கும். அதுக்குத்தானே அந்தக் கொக்கி! யாரு கழட்டுனது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பெற்ற அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

"நாந்தாங்க" என்றார் சித்தப்பா. "அவசரத்துல போட்டுட்டேன்."

தெருப் பைப்பைத் திறந்துவிட்டு, பைப்புகளைக் கழுவி, நிறம் போகும்வரை யாரும் தொடக்கூடாது என்று ஒரு ஆளை நிறுத்தினார்கள். பிறகு எங்கள் இணைப்பில், தண்ணீர் உள்ளே வரலாம் ஆனால் திரும்பிப் போகமுடியாதபடி அடைத்துக்கொள்ளும் ஒரு வால்வைப் போட்டார்கள். தண்ணீர் குடித்தவர்கள் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்து எழுந்தார்கள். வாத்தியார் மட்டும் ஒரு வாரம் படுத்தார். தேர் போனது. அந்த வருஷம் பல பெண்கள் வெள்ளைச் சேலையில் போனார்கள்.

கீழ்வீட்டுப் பையன் மூன்றாம் நாள் செத்துப்போனான்.

அம்மையாலா, தண்ணீராலா என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருக்கலாம் என்றாராம். சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. அதன் பிறகு சாயத் தொட்டியை உடைத்தார், உக்குவளையில் கொக்கோ காயவைக்கிற ஒரு ஸ்டோருக்கு வேலைக்குப் போனார். மூன்று தடவை கீழ்வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டார். மூன்று தடவையும் அக்கா உள்ளேயிருந்து வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வந்தாள். சாயம், நஞ்சு என்று அவர் வாயெடுத்தாலே அவளுக்கு வெறி வந்துவிடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அவன் குடிக்கிற சத்தம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், யாருக்கும் சொல்லாமல் நான் இறங்கிப்போனேன். அக்கா வீட்டுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் தும்புத்தடியைத் தேடவில்லை.

"அக்கா, சித்தப்பா இல்ல. நாந்தான் கொழாய தொட்டிக்குள்ள போட்டேன். பாவாடையில படக்கூடாதுன்னு போட்டேன். அந்தச் சாயத்..."

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். பல்லில் வலிக்கும் அளவுக்கு அழுத்தினாள்.

"சாயம்னு சொல்லாத. அது அம்மா தண்ணி. எம்புள்ள குடிச்சது அம்மா தண்ணி. ஒண்ணும் நடக்கல, நீ ஒண்ணும் செய்யல. போ. இனி எவ கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். சொல்லு."

"அம்மா தண்ணி" என்றேன்.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். அவள் கையை எடுத்தாள்.

மேட்டில் ஏறும்போது எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. மன்னித்துவிட்டாள், என்னைக் காப்பாற்றவே இப்படிச் சொல்லச் சொல்கிறாள், எவ்வளவு நல்ல அக்கா என்று நினைத்தேன். அன்று ராத்திரி இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். என் வாயைப் பொத்திய அந்தக் கையால்தான் அவள் மூன்று முறை அள்ளி மகன் வாயில் ஊற்றினாள் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.