சுவிச்சுக்குள் இருந்த அரிசி

நடந்தது இது. தேவராசா சத்தியம் செய்யமாட்டான். ஆனால் எத்தனை பேர் எத்தனை தரம் கேட்டாலும் அதே நேரங்களைத்தான் சொல்வான், ஒரு நிமிடம் கூடாது, குறையாது. அன்று முழுவதும் அவன் கண் கடிகாரத்தில்தான் இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

1979, வைகாசி. மானிப்பாயில் அவனுக்குக் கார் திருத்தும் ஒரு சிறிய கராச். வீடு மயிலிட்டியில். மனைவி மகாதேவி பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றை வெட்டி எடுத்த பிள்ளை. அன்று ஆறாம் நாள். ஐந்து மணிக்கு முன் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றிருந்தார்கள். முந்திய இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. தையல் ஆறாதவளையும் இந்தப் பிள்ளையையும் அந்த வெயிலில் பஸ்ஸில் ஏற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

ஒரு மணிக்கு முருகேசு தன் கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய கார். கலியாணங்களுக்கு வாடகைக்கு ஓடுவது. ஏ.சி. உள்ள வாடகைக் கார் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

“ஏ.சி. சுவிச் வேலை செய்யேல்லை. பார்.”

“எப்ப துவக்கம் அண்ணை?”

“நாலு நாளாய். சரிப்பண்ணினியெண்டா இதிலையே பெண்சாதி பிள்ளையை ஏத்திக்கொண்டு போ. என்ன, பெட்டையோ?”

“ஓம், பெட்டைதான்.”

“அப்ப ராசாத்தி மாதிரிப் போகட்டும்.”

தேவராசா கதவைத் திறந்தான். நாற்றம் முகத்தில் அடித்தது. மேலே சவர்க்காரம், ஊதுவத்தி. அடியில் வேறொன்று.

“மீன் ஏத்தினனீங்களோ?”

“மயிலிட்டியான் கேக்கிற கேள்வியைப் பார்!” முருகேசு சிரித்தார். ஆனால் காருக்குக் கிட்ட வரவில்லை. “எலி எங்கையேன் செத்துக் கிடக்கும். கழுவினனான்தானே. திறப்பை நாளைக்கு வந்து வாங்கிறன்.”

சாவியை அவன் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மீன் நாற்றம் தேவராசாவுக்குத் தெரியும். குடல், செதில், வெயிலில் வெடித்த சுறா, எல்லாவற்றுக்கும் நடுவில் சோறு தின்று வளர்ந்தவன். இது மீன் இல்லை. இதில் ஓர் இனிப்பு இருந்தது. நாக்கில் ஒட்டியது.

1.20. பியூஸ் நன்றாக இருந்தது. பல்ப் கட்டிய வயரால் தொட்டுப் பார்த்தான். சுவிச்வரை கரண்ட் வந்தது. சுவிச்சைத் தாண்டிப் போகவில்லை. எஞ்சினை ஓடவிட்டு இரண்டு வயர்களையும் நேரே சேர்த்துப் பிடித்தான். விசிறி சுற்றியது, குளிர் வந்தது. அப்படியென்றால் பழுது சுவிச்சில் மட்டும்தான். ஒரு மணி நேர வேலை. மனம் இலேசானது.

எஞ்சினை நிறுத்திப் பற்றறி வயரைக் கழற்றினான். மல்லாந்து படுத்துத் தலையை டாஷ்போட்டுக்கு அடியில் கொடுத்தான். நான்கு சிறிய திருகாணிகள். கழற்றக் கழற்ற உதடுகளுக்கிடையில் வைத்துக்கொண்டான். ஆணியை வாயில் வைப்பது அவன் பழக்கம். அப்படி வைத்தால் தொலையாது.

சுவிச்சின் மூடியைத் திறந்தான். உள்ளே ஏதோ கொழுப்பு, மஞ்சளாக, உறைந்த நெய் போல. அதற்குள் மூன்று பச்சையரிசி. தகடு தகட்டோடு தொடாமல் தடுத்துக்கொண்டிருந்தது அந்தக் கொழுப்புத்தான்.

கலியாணக் கார். மாப்பிள்ளை பொம்பிளைக்கு வாழ்த்திப் போட்ட அறுகரிசி சிந்தியிருக்கும் என்று நினைத்தான். நல்ல சகுனம். அரிசியைத் துடைத்தான். கண்ணில் ஒற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான், பிள்ளைக்கென்று.

2.05. பெற்றோலில் பழைய பல்துலக்கியைத் தோய்த்துத் தகடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கொழுப்பு நூல் நூலாக வந்தது. அப்போது நெற்றியில் குளிர்ந்த காற்றுப் பட்டது.

காற்று வரும் துவாரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

சுவிச் அவன் கையில் இருந்தது. பற்றறி கழற்றியிருந்தது. விசிறிச் சத்தம் இல்லை.

காற்று வந்தது... நின்றது... வந்தது...

ஈரமாக இருந்தது. அந்த இனிப்பு நாற்றம் அதில்தான் இருந்தது.

வேகமாக மூடியைப் பூட்டத் தொடங்கினான். வாயிலிருந்து ஓர் ஆணி. இரண்டு. மூன்று. நான்காவது விரலில் நசிந்தது.

அரிசி. ஊறி வீங்கிய அரிசி.

துப்பினான். இன்னொன்று. துப்பினான். இன்னும். கடைவாயில், நாக்கின் கீழ்... ஒவ்வொன்றிலும் மஞ்சள் கொழுப்பு.

தெருவோரக் கழிவுநீர்க் கானுக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தான். மூன்று தரம் வாய் கொப்பளித்தான். வழுவழுப்புப் போகவில்லை. திரும்பிவந்து பார்த்தபோது நான்காவது ஆணி மூடியில் இருந்தது. இறுக்கமாக.

2.40. சட்டைப் பையைத் தடவினான். வெறுமை.

வெறும் வயிறு, வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சுவிச்சைப் பூட்டி, பற்றறி வயரை மாட்டி, போட்டுப் பார்த்தான். ‘டிக்.’ வேலை செய்தது. நிறுத்தினான். நின்றது. வேறு கார் தேடி மூன்று இடம் போனான். கிடைக்கவில்லை. மணி நாலரை.

4.50. மகாதேவி சேலைத் தலைப்பால் மூக்கை மூடியபடி பின்சீற்றில் ஏறினாள்.

“இஞ்சருங்கோ, உதென்ன மணம்?”

“எலி.”

“எத்தினை எலி?”

அவன் கண்ணாடிகளை எல்லாம் இறக்கினான். ஏ.சி.யைப் போடவில்லை.

5.25. தெல்லிப்பழை தாண்டியது. வழியெல்லாம் அழுத பிள்ளை சட்டென்று நின்றது.

கால்களில் குளிர்.

சுவிச்சைப் பார்த்தான். நிறுத்தியே இருந்தது.

ச்... ச்... ச்...

“பால் குடுக்கிறியோ?”

“இல்லை. மடியிலை கிடக்கு. நித்திரையிலை வாயைச் சப்புது.”

ச்... ச்...

காரை நிறுத்தினான். பின்கதவைத் திறந்தான். பிள்ளையின் வாய்க்குள் சின்னவிரலை விட்டான்.

ஓர் அரிசி. ஈரமாக.

இன்னொன்று.

மகாதேவி அதைப் பார்த்தாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு, தையலைக் கையால் பொத்தியபடி, தானாகவே இறங்கினாள். கதவுகள் திறந்து கிடந்தன. கார் தெருவோரம் நின்றது. மாட்டுவண்டி ஒன்று வரும்வரை நடந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளை தப்பியது. தேவராசா பல நாள் சோறு தின்னவில்லை.

அடுத்த நாள் முருகேசு திறப்பு வாங்கக் கராச்சுக்கு வந்தார். தேவராசா அவருடைய சட்டையைப் பிடித்தான்.

“காருக்கை ஆரை ஏத்தினனீ?”

அண்ணை இல்லை, நீங்கள் இல்லை. முருகேசு அதைத் தட்டிக் கேட்கவில்லை.

“கொழும்பிலையிருந்து ஒரு பிரேதம்,” என்றார். “வெசாக் லீவெண்டு ஆஸ்பத்திரியிலை ரெண்டு நாள் குடுக்கேல்லை. ஏ.சி.யிலை கொண்டுவந்தால் தாங்குமெண்டு என்னைப் பிடிச்சவை. பாதி வழியிலை, மதவாச்சியிலை, சுவிச் நிண்டிட்டுது. வந்து சேரேக்கை ஒருத்தருக்கும் கிட்ட நிக்க ஏலாது. வாய்க்கரிசியை யன்னலாலை காருக்கை எறிஞ்சுபோட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினவை. பெத்த தாயும்தான்.”

“பொம்பிளையோ?”

“ஓம். பிள்ளைப்பேறு. பெட்டைப் பிள்ளை, அதுவும் செத்துத்தான் பிறந்தது. ஒரே சீலையிலை சுத்திக் கொண்டுவந்தம்.”

தேவராசா கையை எடுத்தான்.

முருகேசு சட்டையைச் சரிசெய்யவில்லை. காறி நிலத்தில் துப்பினார். பிறகு மெல்லச் சொன்னார்:

“அரிசி தாய்க்கெண்டுதான் எறிஞ்சவை. பிள்ளைக்கு ஒருத்தரும் போடேல்லை.”